பாரிஸிலிருந்து வெஸ்லே மலைக் கிராமம்: அம்மா அப்பாவுடன் போகலாமா?

கோவைக்குமரன்

வணக்கம். ஜூன் மூன்றாவது வாரத்தில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் வருகிறேன். ஈபிள் கோபுரம், லூவ்ர், சேன் நதிப் படகு எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். தலைநகரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் நாட்டைப் பார்த்ததாக ஆகாது, ஒரு பழைய கிராமத்துக்காவது போயே ஆகவேண்டும் என்கிறார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் அவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் சந்நிதிக்குப் போவதற்கு முன் தூண்களைச் சுற்றிப் பார்ப்பவர்.

மலை உச்சியில் இருக்கும் கிராமங்கள் என்று தேடியதில் கோர்த், ரொக்கமதூர், கோர்த்-சூர்-சியெல், வெஸ்லே என நிறையப் பெயர்கள் வந்தன. பாரிஸுக்குப் பக்கம் என்று பார்த்தால் வெஸ்லேதான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே நாளில் திரும்பிவிட முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஏற்றம் எப்படி இருக்கும்? நாங்கள் சுத்த சைவம், சாப்பாடு கிடைக்குமா? ஒரு தெரு, ஒரு தேவாலயம், அவ்வளவுதான் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்காக அவ்வளவு தூரம் போகலாமா?

சாலைப்பறவை

நேரடியாகவே சொல்கிறேன் குமரன், தெற்கே போங்கள். பாரிஸிலிருந்து அவிஞ்ஞோனுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து காரில் கோர்த். பாறையோடு பாறையாக அடுக்கடுக்காக வீடுகள், கீழே பள்ளத்தாக்கு. பக்கத்திலேயே ரூசியோன், ஊரே காவிமண் நிறத்தில் இருக்கும். நீங்கள் வரும் நேரத்தில் செனாங்க் மடத்தின் முன்னால் லாவெண்டர் பூக்கத் தொடங்கியிருக்கும். அம்மாவுக்கு அது பிடிக்கும்.

வெஸ்லேக்கு நானும் போயிருக்கிறேன். கீழே காரை நிறுத்து, தெருவில் ஏறு, தேவாலயத்தைப் பார், இறங்கு. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். சுற்றுலாப் பேருந்து வந்து நின்றுவிட்டால் அந்தக் குறுகலான தெருவில் நடக்கவே இடம் இருக்காது. முதல் முறை பிரான்சு வருபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வன்னிமகள்

தம்பி குமரன், நான் பாரிஸுக்குப் பக்கத்தில் கனகாலமாக இருக்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் வெஸ்லேக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். சாலைப்பறவை சொல்கிற அந்த மூன்று மணி நேரம் பகல் 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வருகிற மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் போனால் எனக்கும் அந்த ஊர் பிடிக்காது.

ஜூன் மாதத்தில் அங்கே பொழுது சாய இரவு பத்து மணி ஆகப்போகும். ஐந்தரை, ஆறு மணிக்குப் பேருந்துகள் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு மூன்றரை, நான்கு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கும், ஊரில் சனம் இராது. வெஸ்லேயில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறத்தாழ 400 பேர்தான். அந்தப் பின்னேரம்தான் வடிவு. அதனால் ஓர் இரவு தங்குங்கள். காலையில் போய் மாலையில் திரும்பவும் முடியும், ஆனால் அப்படிப் போனால் சாலைப்பறவை பார்த்த வெஸ்லேயைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள்.

போகிற வழி. காரில் என்றால் ஏ6 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து நித்ரியில் வெளியேற வேண்டும், மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். சுங்கக் கட்டணம் உண்டு. ரயில் என்றால் பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ஏறி செர்மிஸெல்-வெஸ்லேயில் இறங்க வேண்டும். கவனம், அந்த நிலையம் மலையடிவாரத்தில் இல்லை, ஊரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இறங்கினால் வாசலில் டாக்சி நிற்காது. தங்கும் இடத்துக்காரரிடம் சொல்லி முதலே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், திரும்புகிற நேரத்தையும் பார்த்து வையுங்கள்.

அம்மாவின் முழங்கால். அடிவாரத்தில் சந்தைத் திடல் இருக்கிறது, அங்கிருந்து ஏறுகிறது தெரு. வேகமாக நடப்பவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், அம்மாவுக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். படிக்கட்டு கிடையாது, சாய்வுதான், ஆனால் விட்டு விட்டு ஏறுவதற்குக் காரணம் கனக்க இருக்கிறது: புத்தகக் கடை, மட்பாண்டக் கடை, கோப்பிக் கடை. பாதையில் வெண்கலச் சிப்பிகள் பதித்திருப்பார்கள், யாத்திரிகர்களுக்கு வழிகாட்ட. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முழங்கால் நோகும், அதனால் கைத்தடி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். மழை பெய்தால் கல் வழுக்கும்.

கல்வெட்டுப்பித்தன்

குமரன், உங்கள் அப்பா தூண் பார்ப்பவர் என்று சொன்ன பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. வெஸ்லேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

மலை மேலே இருப்பது இயேசுவின் சீடரான மகதலா மரியாவின் பெருங்கோயில். 9ஆம் நூற்றாண்டில் கீழே பள்ளத்தாக்கில் ஒரு மடமாகத் தொடங்கி, வடக்கிலிருந்து கடல்வழி வந்த நார்மானியர் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக்காக மலை மேல் ஏறியது. 11ஆம் நூற்றாண்டில் மகதலா மரியாவின் எலும்புகள் இங்கே இருக்கின்றன என்ற செய்தி பரவியதும் கூட்டம் குவிந்தது. ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதைகளில் ஒன்று இங்கிருந்துதான் புறப்படுகிறது. இன்றும் நடக்கிறார்கள். 1120 ஜூலையில் கூட்டம் நிறைந்திருந்த கோயிலில் தீப்பற்றி ஏராளமான யாத்திரிகர்கள் இறந்தார்கள். இப்போது நாம் பார்க்கும் நடுக்கூடம் அதற்குப் பிறகு எழுந்தது.

உள்ளே போனதும் முதலில் வருவது இருட்டான முன்மண்டபம். பலரும் அதைக் கடந்து நேராக வெளிச்சத்தை நோக்கி நடந்துவிடுகிறார்கள். அப்பாவை அங்கேயே நிறுத்துங்கள். நடுவாசலுக்கு மேலே உள்ள அரைவட்டச் சிற்பம் 1120களிலும் 1130ஐ ஒட்டியும் செதுக்கியது. நடுவில் பெரிய உருவமாகக் கிறிஸ்து, ஆடை மடிப்புகள் முழங்காலிலும் இடுப்பிலும் சுழி சுழியாகச் சுழல்கின்றன. இரு கைகளிலிருந்தும் கதிர்கள் புறப்பட்டுத் திருத்தூதர்கள் தலைமேல் விழுகின்றன. உலகம் முழுக்கப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பும் காட்சி.

விசேஷம் அதன் ஓரங்களில் இருக்கிறது. போய்ச் சொல்ல வேண்டிய அந்த உலகத்து மக்கள் யார் என்று சிற்பி கீழே உத்தரத்திலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் செதுக்கியிருக்கிறார். குதிரை மேல் ஏற ஏணி வைத்து ஏறும் குள்ளர்கள். நாய்த்தலை மனிதர்கள். உத்தரத்தின் வலது கோடியில் ஒரு குடும்பம், அவர்களுக்குக் காதுகள் மட்டும் உடம்பையே மூடும் அளவுக்கு. இதையெல்லாம் சிற்பி தானாகக் கற்பனை செய்யவில்லை. நாய்த்தலையர்கள் இந்திய மலைகளில் வாழ்கிறார்கள் என்று கிரேக்க மருத்துவர் க்டீசியஸ் எழுதியிருந்தார். காதுக்குள்ளேயே படுத்துத் தூங்கும் மனிதர்கள் இந்தியாவில் உண்டு என்று மெகஸ்தனிஸ் எழுதியிருந்தார். அந்தக் கதைகள் நூல் நூலாகக் கைமாறி 12ஆம் நூற்றாண்டில் வெஸ்லே இருக்கும் இந்தப் பர்கண்டி வட்டாரம் வரை வந்திருக்கின்றன. மகாபாரதத்தில் சகாதேவனின் தென்திசைப் படையெடுப்பில் காதையே போர்வையாகக் கொண்ட கர்ணப்பிராவரணர்கள் வருகிறார்கள் இல்லையா? அதே ஆட்கள்தான். ஒரு பிரெஞ்சுக் கிராமத்து வாசலில் நம் பக்கத்து மனிதர்கள் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் அந்த வாசலை விட்டு நகரவே இல்லை.

சிற்பத்தைச் சுற்றி வளைவாக ராசிச் சின்னங்களும் மாதாமாதம் செய்யும் வயல் வேலைகளும் சின்னச் சின்ன வட்டங்களில் இருக்கின்றன. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். தொலைநோக்கி ஒன்று சின்னதாக எடுத்துப்போனால் நல்லது.

கோவைக்குமரன்

பித்தன் ஐயா, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கர்ணப்பிராவரணர் வரை வந்ததும் எழுந்து போய் மகாபாரதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா, ரயில் விவரத்துக்கு மிக்க நன்றி.

அப்பாவுக்கு ஒரு கேள்வி. இந்தக் கோயில் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தது என்று ஓரிடத்தில் படித்தாராம். அப்படியானால் நாம் பார்ப்பதில் எது பழசு, எது புதுசு? சிமெண்ட் பூசிச் சாயம் அடித்த கோயில்களைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப் போனவர் அவர்.

கல்வெட்டுப்பித்தன்

நல்ல கேள்வி. 1279இல் பிரோவான்ஸில் உள்ள சான் மக்சிமானில் மகதலா மரியாவின் எலும்புகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். அதோடு வெஸ்லேயின் செல்வாக்கு சரிந்தது. வருமானம் போனது, பிறகு 1569இல் மதப் போரில் கொள்ளை, அப்புறம் புரட்சிக் காலத்தில் மடத்துக் கட்டடங்கள் விலைபோய் இடிபட்டன. 1834இல் பழஞ்சின்னங்களின் ஆய்வாளராக ப்ரோஸ்பேர் மெரிமே வந்து பார்த்தபோது கோயில் விழும் நிலையில் இருந்தது. 1840இல் அதைக் காப்பாற்றும் வேலையை வியொலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞரிடம் கொடுத்தார்கள். அவருக்கு வயது 26. பாரிஸ் நோத்ர தாம் வேலையெல்லாம் அவருக்குப் பிறகு வந்ததுதான். 1859 வரை வெஸ்லே வேலை நடந்தது.

எது புதுசு என்றால், வெளிமுகப்பில் நீங்கள் முதலில் பார்க்கும் அரைவட்டச் சிற்பம், அந்தக் கடைசித் தீர்ப்புக் காட்சி, 19ஆம் நூற்றாண்டு. அதற்கு முன் நின்று படம் எடுத்துவிட்டு ‘ஆஹா, 12ஆம் நூற்றாண்டு’ என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் உண்மையான அதிசயம் முன்மண்டபத்துக்குள்ளே இருக்கிறது. நான் மேலே சொன்ன உள்வாசல் சிற்பம் அசல். தூண்தலைச் சிற்பங்களில் பெரும்பாலானவை அசல். மிகவும் சிதைந்தவற்றை எடுத்துவிட்டு அதேபோல் புதிதாகச் செதுக்கி வைத்தார்கள். எடுத்த பழைய துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை, பக்கத்திலேயே சிறிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு நேரே, கை நீட்டும் தூரத்தில் உளியின் தடத்தைப் பார்க்கலாம்.

புதுப்பித்ததில் அவர் கை கொஞ்சம் நீண்டுவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. என் கட்சி இதுதான்: 1840இல் அவர் வராமல் இருந்திருந்தால் இன்று நாம் வாதாட அங்கே எதுவும் நின்றிருக்காது.

நடுக்கூடத்தின் தெற்குப் பக்கம் நான்காவது தூணில் ஒரு சிற்பம் இருக்கிறது. மோசே ஒரு திரிகையில் தானியம் கொட்டுகிறார், பவுல் கீழே குனிந்து மாவைப் பையில் பிடிக்கிறார். திரிகைச் சக்கரத்தில் சிலுவை வடிவம். பழைய ஏற்பாட்டின் தானியம் கிறிஸ்துவால் அரைபட்டுப் புதிய ஏற்பாட்டின் மாவாகிறது என்று பொருள் சொல்வார்கள். இறையியலை விட்டுவிடுங்கள். குனிந்து பை பிடிப்பவரின் முதுகும், தானியம் கொட்டுபவர் மூட்டையை அணைத்திருக்கும் விதமும் மில்லில் நின்று பார்த்த ஒருவர் செதுக்கியவை.

வெண்மணல்

இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். சிற்பம் பற்றிய தகவல்கள் அருமை. ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. 1146 மார்ச் 31, ஈஸ்டர் நாளில் இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்து பெர்னார்டு என்ற துறவி பேசியது இந்த மலைச்சரிவில்தான். மன்னர் ஏழாம் லூயி கூட்டத்தில் இருந்தார். 1190இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் பிரான்சு மன்னர் பிலிப்பும் மூன்றாம் சிலுவைப் போருக்குப் படைகளோடு கிளம்பியதும் இங்கிருந்தே. பெர்னார்டு மூட்டிய உணர்ச்சி ரைன் நதிக்கரையில் ராடுல்ஃப் என்ற துறவியின் வாயில் யூதர்களைக் கொல்லச் சொல்லும் பேச்சாக மாறியது. கிழக்கே போன படை 1148இல் டமாஸ்கஸ் வாசலில் தோற்றுத் திரும்பியது, இடையில் எத்தனை உயிர்கள்.

நான் முஸ்லிம். அந்த இடத்தை ‘பிரான்சின் அழகிய கிராமம்’ என்று மட்டும் எழுதிப் படம் போட்டுவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள்.

வன்னிமகள்

வெண்மணல், நீங்கள் எழுதியது இந்த இழைக்கு வேண்டிய விசயம். போரை விட்டு ஓடி வந்த எனக்கு அந்த ஊரில் முதலில் மனம் தடுக்கியதும் அங்கேதான். மலையின் வடக்குச் சரிவில் லா கோர்தெல் என்றொரு சின்னக் கல் ஆலயம் இருக்கிறது. பெர்னார்டு பேசிய இடத்தை நினைத்துக் கட்டியது. பெரிய கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் கூட அங்கே இறங்குவதில்லை. புல்லும் மரங்களும்தான். அவ்வளவு சாதுவான இடத்திலிருந்து அவ்வளவு பெரிய போர் கிளம்பியதை அங்கே நின்று நினைக்க வேண்டும்.

இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் பக்கச் சுவர்களோரம் பெரிய மரச்சிலுவைகள் நிற்கும். அலங்காரம் எதுவும் இல்லாத, கையால் இழைத்த கட்டைகள். 1946இல், பெர்னார்டு பேசி 800 வருடம் ஆனபோது, அப்போதுதான் உலகப் போர் முடிந்திருக்கிறது. அதே மலைக்குச் சமாதான யாத்திரை ஒன்று ஏற்பாடு செய்தார்கள். ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் 14 சிலுவைகளைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார்கள். பக்கத்து முகாமில் இருந்த ஜெர்மன் போர்க் கைதிகள் தாங்களும் சேரலாமா என்று கேட்டார்கள். குண்டு விழுந்த வீட்டின் உத்தரக் கட்டைகளை எடுத்து ஒரு சிலுவை செய்து கொண்டுவந்தார்கள். அது 15ஆவது. மற்றவற்றோடு அதுவும் அங்கே நிற்கிறது.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிற்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அந்தக் கட்டைகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் கூட்டிக்கொண்டு போகிற எல்லாருக்கும் முதலில் அதைத்தான் காட்டுவேன். போருக்கு ஆள் சேர்த்த மலையில், வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து சிலுவை தூக்கினார்கள், அதுவும் போர் முடிந்த அடுத்த வருடமே. எங்களுடைய நாட்டில் இத்தனை வருடம் கழிந்தும் அப்படியொன்றை நான் பார்க்கவில்லை. அதற்காகத்தான் திரும்பத் திரும்ப அங்கே போகிறேன்.

வெண்மணல்

அக்கா, 1946 யாத்திரை எனக்குத் தெரியாது. அடுத்த முறை போகும்போது அந்தக் கைதிகளின் சிலுவை முன் நிச்சயம் நிற்பேன். சொன்னதற்கு நன்றி.

புதுவைக்காரன்

தாமதமாக வருகிறேன். வேலை திஜோன் பக்கம் என்பதால் வெஸ்லே எனக்கு வார இறுதி ஊர்.

சமாதானப் பேச்சு வந்ததால் இன்னொரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். ரொமேன் ரோலான். 1915ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பெற்றவர். முதல் உலகப் போரில் இரு தரப்பு வெறியையும் எதிர்த்து எழுதியதற்காகச் சொந்த நாட்டிலேயே வசை வாங்கியவர். காந்தியைப் பற்றி 1924இலேயே நூல் எழுதினார், பிறகு ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதினார். 1931 டிசம்பரில் லண்டன் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் காந்தி சுவிட்சர்லாந்து போய் அவருடன் தங்கினார் இல்லையா, அதே ரோலான். பிறந்த ஊர் வெஸ்லேக்கு மேற்கே பக்கத்தில் உள்ள கிளாம்சி. 1938இல் வெஸ்லேக்குக் குடிவந்து, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் நோயோடு இங்கேயே இருந்து, 1944 டிசம்பர் 30 அன்று இதே ஊரில் இறந்தார்.

கோயிலுக்கு ஏறும் தெருவிலேயே அவர் வீடு. இப்போது அது ஸெர்வோஸ் அருங்காட்சியகம். பிக்காஸோ, மிரோ, காண்டின்ஸ்கி, கால்டர் என நவீன கலைஞர்கள் எல்லாரையும் அந்தப் பழைய வீட்டுச் சுவர்களில் பார்க்கலாம். பாரிஸ் அருங்காட்சியகத்தில் வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பதும், இங்கே ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கு தெரிய ஆற அமர நின்று பார்ப்பதும் ஒன்றாகாது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஜூனில் பிரச்சினை இல்லை. உங்கள் அப்பா காந்தி வரலாறு பாடம் எடுத்தவராக இருப்பார், இந்த வீட்டைத் தவறவிடாதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. இது பர்கண்டி, எல்லாவற்றிலும் மாட்டிறைச்சி, பன்றி, நத்தை. முட்டையைக்கூடச் சிவப்பு ஒயினில் வேகவைத்துப் பன்றித் துண்டு போட்டுத்தான் தருவார்கள். சுத்த சைவத்துக்குத் தைரியமாகக் கேட்கக்கூடியவை: கோதுமை அல்லது மரக்கோதுமை (பக்வீட்) மாவில் தோசைபோல் ஊற்றும் கிரெப் (மாவில் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்), ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்ட சாலட், காளான் ஆம்லெட் (முட்டை சாப்பிடுவீர்கள் என்றால்), கூஜேர் என்ற பாலாடைக்கட்டிப் பஃப் (இதிலும் முட்டை உண்டு). சாலட்டில் பன்றித் துண்டு தூவுவது சர்வசாதாரணம், வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான். 2.15க்குப் போய் நின்றால் சமையலறை மூடிவிட்டது என்பார்கள். வாரத் தொடக்கத்தில் பல கடைகளுக்கு விடுமுறை. அதனால் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போவது உத்தமம். கோயிலுக்குப் பின்னால் பெரிய மொட்டைவெளி இருக்கிறது, பழைய மரங்கள், கீழே கூர் நதிப் பள்ளத்தாக்கு, தூரத்தில் மோர்வான் காடுகள். பிரெஞ்சுக்காரர்களே அங்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்ட இடத்தைத் துடைத்துவிட்டு வந்தால் போதும்.

சாலைப்பறவை

படித்தேன். லாவெண்டர் விஷயத்தில் நான் இன்னும் என் பக்கம்தான், ஆனால் இந்த அப்பாவுக்கு வெஸ்லே பொருத்தம் என்பதை ஏற்கிறேன். ஒரு யோசனை: இரவு தங்குவது என்று முடிவானால் காரிலேயே போங்கள். மறுநாள் ஃப்ளாவிஞ்ஞியையும் சேர்க்கலாம். அதுவும் மலைமேல் கிராமம்தான், கிழக்கே ஒரு மணி நேரச் சொச்சம். பழைய மடத்துக்குள் அனிஸ் மிட்டாய் செய்கிறார்கள். நடுவில் சோம்பு விதை, அதன் மேல் சர்க்கரையை அடுக்கடுக்காகச் சுற்றி வெள்ளை உருண்டையாக்குவார்கள், நம் ஊர் ஓட்டல் கல்லாவில் வைத்திருக்கும் சோம்பு மிட்டாய்க்கு அண்ணன். பக்கத்திலேயே அலேசியா, கி.மு. 52இல் ரோமானியத் தளபதி சீசரிடம், அன்று பிரான்சில் வாழ்ந்த கோல்களின் தலைவன் வெர்சிங்ஜெட்டோரிக்ஸ் சரணடைந்த இடம். வரலாற்று ஆசிரியருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கோவைக்குமரன்

எல்லாருக்கும் நன்றி. கார் எடுப்பது, வெஸ்லேயில் ஓர் இரவு, மறுநாள் ஃப்ளாவிஞ்ஞி என்று முடிவாகிவிட்டது. அம்மா ஏறுவதாகச் சொல்லிவிட்டார், ஆனால் ‘எல்லாம் கல்லும் போருமாகவே இருக்கிறதே, எனக்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார். அவருக்குப் பாட்டு, பூஜை, விளக்கு இதெல்லாம் பிடிக்கும்.

அப்புறம் ஜூன் 21ஐ ஒட்டிக் கோயிலுக்குள் ஏதோ ஒளி விழும் என்று ஓரிடத்தில் படித்தேன். நாங்கள் அந்த வாரத்தில்தான் அங்கே இருப்போம். உண்மையா?

புதுவைக்காரன்

உண்மை. அம்மாவுக்கு இருப்பதும் அதுதான்.

ஜூனில் சூரியன் உச்சிக்கு வரும்போது தெற்குப் பக்க மேல் ஜன்னல்கள் வழியாக வரும் ஒளி, நடுக்கூடத்தின் தரையில் சரியாக மையக் கோட்டில் விழுகிறது. வாசலிலிருந்து பீடத்தை நோக்கி ஒளி வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. காலையில் அவை ஒரு பக்கமாக இருக்கும், நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வரும், கொஞ்ச நேரம் நிற்பதுபோல் இருக்கும், பிறகு விலகிவிடும். டிசம்பரில் சூரியன் தாழ இருக்கும்போது அதே ஒளி வடக்குப் பக்கத்துத் தூண்தலைகளில் போய் விழும். நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருந்ததை 1976இல் அங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கவனித்துச் சொன்ன பிறகுதான் ஊர் உலகம் பார்க்க வந்தது.

கடிகாரத்தில் 12 மணி என்று போய்விடாதீர்கள். கோடைகால நேரம் என்பதால் சூரியன் உச்சிக்கு வருவது அங்கே ஏறத்தாழ பிற்பகல் 1.45க்கு. 1 மணிக்கே உள்ளே போய் ஓரத்து இருக்கையில் அம்மாவை உட்கார வைத்துவிடுங்கள். 21ஆம் தேதி அன்றே பார்க்க வேண்டும் என்று இல்லை. முன்னும் பின்னும் சில நாட்கள் ஏறக்குறைய அப்படியேதான் விழும், கூட்டமும் குறைவாக இருக்கும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அது நம் கையில் இல்லை. மேலே வளைவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள், வெள்ளைக் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டியவை. அந்த வெளிச்சத்தில் பழுப்பு லேசாகச் சிவந்து தெரியும்.

வன்னிமகள்

பாட்டுக்கு நான் பொறுப்பு. 1993இல் எருசலேம் துறவுக் குழு அந்தக் கோயிலுக்கு வந்தது, ஆண்களும் பெண்களும். வெள்ளை அங்கியில் வந்து நின்று பல குரல்களில் சேர்ந்து பாடுவார்கள். மாலை வழிபாட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நுழைவுக் கட்டணமும் இல்லை. கடைசி வரிசையில் அமைதியாக இருந்தால் போதும், படம் மட்டும் எடுக்க வேண்டாம். திங்கட்கிழமைகளில் பொதுவாகப் பாடல் வழிபாடு இருக்காது, அதனால் இரவு தங்குகிற நாள் திங்களாக வராமல் பாருங்கள். நேரம் வாசலில் ஒட்டியிருப்பார்கள்.

அறை இன்றைக்கே பதிவு செய்யுங்கள் தம்பி. அந்த வாரம் ஒளி பார்க்க வருகிற சனத்தால் மேலே இடம் சீக்கிரம் முடிந்துவிடும். மேலே கிடைக்காவிட்டால் மலையடியில் சான் பேர் என்ற ஊர் இருக்கிறது, அங்கே பாருங்கள், அங்கும் ஒரு வடிவான கோதிக் கோயில் உண்டு. காரை மேலே கொண்டுபோக முயல வேண்டாம், கீழேயே கட்டண நிறுத்தம் இருக்கிறது. பெட்டிகளைக் காரிலேயே வைத்துவிட்டு ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள், ஜூன் என்றாலும் அந்த மொட்டைவெளியில் இரவு குளிர்காற்று அடிக்கும்.